கார் இன்னும் நிற்கிறது

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியையும் என் கோபத்தையும் விட்டுவிட்டால் நாங்கள் இருவரும் சுகமே. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, மனசு நிறைவாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். கழுத்து வலிக்கு உயரம் குறைந்த தலையணை வாங்கச் சொன்னேனே, வாங்கினாயா?

எங்கள் எடை இயந்திரக் கம்பெனியில் உனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், 'அப்பா என்ன சொல்றாரோ அதான்' என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். நான் போனில் பேசினால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதுகிறேன். அவள் உன் அறையை ஒழித்து, தையல் மெஷினை ஹாலுக்குத் தள்ளி, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டுவிட்டாள். 'அவ வந்துட்டா எனக்கு முழங்காலே வலிக்காது' என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொல்கிறாள். எனக்கும் ஆசை இல்லாமலா? ராத்திரி வீடு திரும்பியதும் அந்தத் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றுகிறேன்.

ஆனால் அந்தக் கம்பெனியைப் பற்றி நான் உன்னிடம் மறைக்க முடியுமா. முதலாளியின் கார் வாசலில் நிற்கும்வரை யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எந்த உத்தரவிலும் இது கிடையாது, யாரும் மீறியதும் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் டெஸ்பாட்ச் குமாஸ்தாவுக்குக் கலங்கரை விளக்கம் என்றே பெயர். எட்டிப் பார்த்து, 'கார் இன்னும் நிக்குது' என்பார், எல்லோரும் மறுபடி குனிந்துகொள்வோம். சின்ன வயதில் நீ ஆபீசுக்குப் போன் செய்து, எப்ப வருவீங்க என்று கேட்டதே இல்லை, 'கார் போயிடுச்சாப்பா?' என்றுதான் கேட்பாய். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள், நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொள்வேன்.

அப்போதெல்லாம் அந்தப் பெயருக்கு இருந்த மவுசு தெரியுமா. உன் தாத்தா பெண் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்ததைவிட என் அடையாள அட்டையைப் பார்த்ததுதான் அதிகம். இப்போது வருகிற பிள்ளைகள் இன்டர்வியூவிலேயே, எத்தனை மணிக்குக் கிளம்பலாம், லீவில் போன் வருமா என்று கேட்கிறார்கள். முதலில் எனக்கும் எரிச்சல்தான், நாங்கள் எங்கே உட்கார வேண்டும் என்று மட்டும்தானே கேட்டோம். பிறகு யோசித்தால், கேட்காமல் இருந்து நான் என்னத்தைக் கண்டேன்? பௌதிகத்தில் எம்.எஸ்சி. படித்த என்னை ஆய்வுப் பிரிவில் உட்காரவைத்துவிட்டு, தராசு முள் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத முதலாளியின் மச்சானைத்தானே மேனேஜர் ஆக்கினார்கள். அதை நான் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.

உன் படிப்பு படித்த இரண்டு பேர் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள், போனவர்கள் இந்தக் கார் கதையை இன்டர்நெட்டில் எழுதியும் வைத்தார்கள். இப்போது கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் மகன், சின்ன முதலாளி, ஆடிப்போய்விட்டார். அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியத்தைக் கேள். காரை நேரத்தோடு எடுக்கவில்லை, ஆறு மணிக்கு விளக்கை எல்லாம் அணைக்கச் சொல்லி, இருண்ட கட்டடத்தைப் போட்டோ எடுத்து, எங்கள் ஊழியர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதிப் போட்டார். போன மழைக்காலம் அது, வெளியே கும்மிருட்டு. ஆனால் கார் நிற்கிறதே, யார் கிளம்புவது? அத்தனை பேரும் இருட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தோம், மச்சான் செல்போன் வெளிச்சத்தில் பிரின்டருக்குப் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, அன்று இன்டர்வியூவுக்கு வந்த பெண் மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தாள். வாசலில் நின்று, 'என்ன சார், கரண்ட் போயிடுச்சா?' என்றாள். கலங்கரை விளக்கம் தலையைத் தூக்காமலே, 'இல்லம்மா, நாங்கல்லாம் வீட்டுக்குப் போயாச்சு' என்றார். அவள் முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, குடையோடு போனவள் வேலைக்கு வரவில்லை. கதை மட்டும் எங்கும் பரவிவிட்டது. முடி வெட்டுகிறவர்கூட கத்தரியை நிறுத்திவிட்டு, 'சார் வீட்டுக்குப் போயாச்சா?' என்று கேட்கிறார்.

இந்த லட்சணத்தில்தான் உனக்கு வேலை வந்திருக்கிறது. திங்கட்கிழமை சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டு, இத்தனை வருடத்தில் முதல்தடவையாக உட்காரச் சொன்னார், காபியும் வந்தது. 'சார், உங்க பொண்ணே இங்க சேர்ந்தாங்கன்னா வெளியில பேசறவங்களுக்கு அதுவே பதில்' என்றார். மச்சான் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார், அந்த நாற்காலியைப் பற்றியும் யோசிக்கலாம் என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அந்த நாற்காலி எனக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியது. மத்தியானம் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருந்தேன், மனசுக்குள். பக்கத்து அறையில் நீ, எனக்கு நல்ல நாற்காலி, மூன்று பேரும் ஒரே வீட்டில். அப்போது கலங்கரை விளக்கம் எட்டிப் பார்த்து, 'கார் இன்னும் நிக்குது' என்றார். அந்தக் குரலுக்கு நீயும் குனிவாய் என்று தோன்றியதும் எனக்குக் கை ஓடவில்லை. ஆறு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். 'சார், கார்...' என்றார். 'நிக்கட்டும்யா, அதுக்கென்ன, கால் வலிக்கவா போகுது' என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இப்போது வெயில் காலமல்லவா, வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா கதவைத் திறந்து, என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று அவளை நம்பவைக்கவே நேரமாகிவிட்டது. பிறகு நாற்காலி விஷயம் முழுவதையும் சொன்னேன். புதுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், 'இனிமே ரெண்டு பேருக்கா நான் சாப்பாட்ட மூடி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கணும்? அவ அங்கயே இருக்கட்டும்' என்றாள். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள், நானும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அதனால் வேண்டாம் என்று எழுதிவிடு கண்ணு. மரியாதையாக எழுது, காரணம் எழுதாதே, அதைச் சின்ன முதலாளியிடம் நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன். உன் ஆபீசில் கேட்டாலே லீவு கொடுக்கிறார்கள் என்றாயே, நான்கூட நம்பாமல் சிரித்தேனே, அப்படியென்றால் ஒருதரம் கேள். வா. திரை அப்படியேதான் இருக்கும், தையல் மெஷின் ஹாலிலேயே கிடக்கட்டும்.

நீ நீடூழி நல்லபடியாக இருக்க வேண்டும். தலையணையை மறக்காதே. போன் செய்வதென்றால் ஆறரைக்குச் செய், நான் வீட்டில் இருப்பேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா