பின் பிரேக் பிடிக்கவில்லை

8.9.2025, திங்கள்

இன்றும் அதே சத்தம். மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பின்சக்கரம் கீச்சிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த காசியம்மாள் அக்கா என் தோளைத் தட்டி, "இன்னா எயிலு, வண்டி அயுவுது?" என்றார். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அத்தை காதிலும் விழுந்துவிட்டது. "வண்டி ரிப்பேரா? அப்ப பஸ்ல போ. இல்லன்னா கம்முனு வூட்ல இரு." முதல் பஸ் மலை மேலே போய்ச் சேரப் பத்தரை ஆகும். எட்டு மணிக்கே சனங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் அவர்களுக்கு ரத்தம் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அக்கா அறையெல்லாம் கழுவி முடித்திருக்க வேண்டும். இந்த வண்டி இல்லையென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வேலை இல்லை. அத்தைக்கு அது நன்றாகத் தெரியும். மருமகளிடம் வேலையை விடு என்று நேராகச் சொல்ல மாட்டார். ஒரு சாக்கு கிடைக்காதா என்று இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

10.9.2025, புதன்

மெக்கானிக் கந்தசாமி அண்ணன் கடைக்குப் போனேன். குனிந்து பின்சக்கரத்து டிஸ்க்கைத் தடவிப் பார்த்தார். "பேடு தேஞ்சிபோச்சி. டிஸ்க்க அறுக்குது. ஊட்டுக்காரர வரச் சொல்லும்மா, பேசிக்கிறேன்."

ஓட்டுகிறவள் நான். தேய்த்தவள் நான். "அவர் வந்தா பேடு வளருமாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. "சனிக்கெயம வா" என்றார். வாயை அடக்கியிருக்கலாம்.

13.9.2025, சனி

கடை பூட்டியிருந்தது. அப்படியே கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறி ஒரு ஜோடி பிரேக் பேட் வாங்கி வந்துவிட்டேன். நானே மாட்டப் போகிறேன். லேபில் நான் கழற்றி மாட்டாத கருவியா?

வீட்டில் அவரிடம், என் வீட்டுக்காரரிடம், சொன்னேன். கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "கைய வெட்டிக்காத" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சுபாஷ் அப்படித்தான்; எனக்கு எதிராகப் பேச மாட்டார், எனக்காகவும் பேச மாட்டார்.

14.9.2025, ஞாயிறு

முடித்துவிட்டேன்! வரிசையாக எழுதி வைக்கிறேன், அடுத்த தடவைக்கு ஆகும்.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைக் கழற்றுவதற்கு முன்பே பேட்களைக் கோத்திருக்கும் பின்னைத் தளர்த்திவிட வேண்டும். காலிப்பர் கையில் வந்துவிட்டால் பிறகு அந்தப் பின்னை அசைக்க முடியாது. இறுகிப் போயிருந்தது. கழற்றும் சாவியின் மேல் ஒரு துண்டுக் குழாயைச் செருகி அழுத்தியதும் டக்கென்று விட்டது. பிறகு இரண்டு போல்ட். ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே சாப்பாட்டுத் தட்டில் வைத்தேன். அத்தை பார்த்துவிட்டு, "அந்தத் தட்டுல இனிமே எவன் துன்னுவான்?" என்றார்.

காலிப்பரை டிஸ்க்கிலிருந்து உருவி எடுத்ததும் தொங்கவிடக் கூடாது. பிரேக் ஆயில் வருகிற குழாய் அதன் எடையைத் தாங்காது. கயிறு போட்டு வண்டியின் பின்கம்பியில் கட்டினேன். பழைய பேட்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் நகக்கண் அளவுக்கு மீதம் இருந்தது. உள்பக்கத்துப் பேட் வெறும் இரும்பு. இதை நம்பித்தான் பின்னால் ஒரு ஆளை உட்கார வைத்து மலை இறங்கியிருக்கிறேன்.

புதுப் பேட் தடிமன், உள்ளே போகவில்லை. பேட்டை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னால் தள்ள வேண்டும். ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து சுற்றிலும் துணி வைத்துவிட்டு, பழைய பேட்டைப் பிஸ்டன் மேல் வைத்து மெல்ல மெல்ல அழுத்தினேன். அரை மணி நேரம் போனது. பேட் மேல் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது என்று சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன். ரத்த ஸ்லைடைப் பிடிப்பது மாதிரி ஓரத்தைப் பிடித்து உள்ளே வைத்தேன்.

எல்லாம் மாட்டிவிட்டுப் பெடலை மிதித்தால் கால் பொத்தென்று கீழே போகிறது! பிரேக்கே இல்லை. அழுகை வந்துவிட்டது. அப்புறம்தான் புத்தி வந்தது: தள்ளிய பிஸ்டன் திரும்ப வெளியே வர வேண்டாமா? ஏழெட்டு தடவை மிதித்ததும் பெடல் கல்லு மாதிரி ஆனது. தெருவில் பத்து தடவை ஓட்டி நிறுத்தினேன். சத்தமே இல்லை.

அவர் வாசலில் நின்று பார்த்தார். "பரவால்லியே" என்றார். அது போதும் எனக்கு இன்றைக்கு.

15.9.2025, திங்கள்

மலை முழுக்கச் சத்தமில்லாமல் இறங்கினோம். "நீயா மாட்ன?" என்று அக்கா மூன்று தடவை கேட்டார். கச்சிராயபாளையம் வரை ஒவ்வொரு கடையைப் பார்த்தும் கையை ஆட்டிக்கொண்டு வந்தார், ஏதோ அவரே மாட்டியது போல.

30.9.2025, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. நான் வேலையிலிருந்து வந்ததும் அவர் வண்டியை வாங்கிக்கொண்டு போனார். வாட்டர் சர்வீஸ் விட்டுக் கொண்டுவந்தார். ஆள் முகம் தெரிகிறது அதில்! "உன் வண்டிக்கி நான் ஒண்ணுமே செய்யலன்னு இருக்கக் கூடாதில்ல" என்றார். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவர் முதல் தடவையாக 'உன் வண்டி' என்றார். மனசு நிறைந்திருக்கிறது. பொரி, கடலை வாங்க மறந்துவிட்டேன்.

3.10.2025, வெள்ளி

அக்காவுக்குக் கை உடைந்துவிட்டது.

சாயங்காலம் இறங்கும்போது. பாலத்துக்கு மேலே உள்ள வளைவு. பெடலை மிதித்தேன், பிடிக்கவில்லை. இன்னும் அழுத்தினேன், வழுக்கிக்கொண்டே போகிறது. முன் பிரேக்கைப் பிடித்தேன். மழையில் வந்த சரளை ரோட்டில் கிடந்தது, முன்சக்கரம் சறுக்கி ஓரக் கால்வாயில் விழுந்தோம். எனக்கு முட்டியில் சிராய்ப்பு. அக்கா வலது கையை ஊன்றியிருக்கிறார். மணிக்கட்டு. கரும்பு ஏற்றி வந்த டிராக்டர்க்காரர்தான் தூக்கிவிட்டார். ஆறு வாரம் கட்டு. அக்கா நாள் கூலிக்காரர், ஆறு வாரம் என்ன பண்ணுவார்?

நான் மாட்டிய பிரேக். என் கையால் மாட்டிய பிரேக்.

4.10.2025, சனி

தெரு முழுக்கச் செய்தி. "பொம்பள மாட்டன பிரேக்கு, புடிக்குமா?" கந்தசாமி அண்ணன் சொன்னாராம். அத்தை வண்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். அவர் பார்த்துக்கொண்டே வயலுக்குப் போனார்.

5.10.2025, ஞாயிறு

தூக்கமே இல்லை. போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லையா? பின்னை ஒழுங்காகச் செருகவில்லையா? கண்ணை மூடினால் அந்தத் தட்டும் அதில் இருந்த சாமான்களும்தான். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கிறேன், மறுபடி கழற்றுகிறேன்.

வெள்ளிக்கிழமை எழுதும்போது ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். என் நோட்டில், எனக்கு நானே. அன்று காலையிலேயே எனக்குத் தெரியும். அக்காவை ஏற்றிக்கொள்ளத் தெருமுனையில் நிறுத்தினேன், வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தாண்டிப் போனது. மறுபடி மிதித்துப் பார்த்தேன், பெடல் இறுக்கமாகத்தான் இருந்தது. கழுவிய ஈரம், இரண்டு நாள் நின்ற வண்டி, ஓடினால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் லீவுக்குப் பிறகு மேலே கூட்டமாக இருக்கும், நேரத்துக்குப் போக வேண்டும். பஸ்ஸில் போனால் அத்தைக்குச் சாக்கு. ஏறும்போது பிரேக்கே தேவைப்படவில்லை. மேலே போனதும் வேலையில் மறந்துவிட்டேன். மறந்தேனா? மறந்த மாதிரி இருந்தேனா?

இதை யாரிடமும் சொல்லவில்லை.

9.10.2025, வியாழன்

பஸ். பத்தேமுக்கால். மூன்று பேர் காத்திருந்து திரும்பிப் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி எட்டு மாதம், ஏழு கிலோமீட்டர் நடந்து வந்தவள்.

11.10.2025, சனி

"வித்துடலாம்" என்றார் அவர். நாளைக்கழித்து வடக்கனந்தலிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வருகிறாராம். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சோற்றைப் பார்த்துச் சொன்னார்.

விற்பதற்கு முன்னால் நான் என்ன தப்புச் செய்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

12.10.2025, ஞாயிறு

கழற்றினேன். போல்ட் இரண்டும் இறுக்கமாகவே இருந்தன. பின்னும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆயில் ஒழுகவில்லை. பேட் மட்டும் கறுப்பாக, கண்ணாடி மாதிரி பளபளத்தது. மூக்கருகே கொண்டு போனேன். டீசல்.

வெள்ளைப் பஞ்சில் துடைத்தேன், பஞ்சு மஞ்சளாக வந்தது. டிஸ்க்கின் உள்பக்கத்திலும் அதே. சர்வீஸ் விட்ட பிறகு வண்டி மின்னுவதற்காக எல்லாருமே டீசல் அடிக்கச் சொல்கிறார்களே, அது. எண்ணெய் குடித்த பேட் எப்படிப் பிடிக்கும்?

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பேட்டை நீட்டினேன். மோந்து பார்த்தார். "டீசலு" என்றார். பேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாந்தான் நல்லா அடிச்சி வுடுன்னு சொன்னேன். பளபளன்னு இருக்கணும்னு" என்றார். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, குழாயை நிறுத்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

சந்தோஷமாக இருந்தது எனக்கு. வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. நான் மாட்டியது சரி.

13.10.2025, திங்கள்

வடக்கனந்தல்காரரை வர வேண்டாமென்று சொல்லிவிட்டார். அத்தை காரணம் கேட்டதும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். அவர் சொல்வார் என்று பார்க்கிறேன். சொல்ல மாட்டார்.

16.10.2025, வியாழன்

சொல்லிவிட்டார். எனக்குத் தெரியாமல் இன்று அக்கா வீட்டுக்குப் போய், அக்காவிடமும் அவர் மகன் பிரவீன்குமாரிடமும், "எயிலு மேல தப்பில்லைங்க. டீசல் அடிக்க வெச்சது நானு" என்று சொல்லியிருக்கிறார். திரும்பும் வழியில் கந்தசாமி அண்ணன் கடையிலும். வீட்டில் அத்தையிடமும். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை அரிசிப் பானை மேல் வைத்தார்.

எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. எல்லாரும் இப்போது அவரைப் பார்க்கிறார்கள். நான் நல்லவளாக நடுவில் நிற்கிறேன். அன்று காலையில் எனக்குத் தெரிந்தது மட்டும் அப்படியே உள்ளே கிடக்கிறது. அவர் தெரியாமல் செய்ததை நாலு இடத்தில் சொன்னார். நான் தெரிந்து செய்ததை இந்த நோட்டில் மட்டும் எழுதியிருக்கிறேன்.

19.10.2025, ஞாயிறு

டிஸ்க்கைத் துடைத்துப் புதுப் பேட் மாட்டினேன். அவர் காலிப்பரைப் பிடித்துக்கொண்டார், கயிறு தேவைப்படவில்லை. நாளை தீபாவளி. அக்கா வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொல்லத்தான் போனேன். முறுக்கைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

4.11.2025, செவ்வாய்

தனியாகத்தான் வண்டியில் போகிறேன். பின் சீட்டு காலி. மழை.

14.11.2025, வெள்ளி

கட்டுப் பிரிக்கிற நாள். நான்தான் கூட்டிப் போனேன், பஸ்ஸில். மணிக்கட்டு வெளிறிச் சுருங்கிப் போயிருந்தது. வெளியே மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து அக்கா விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். முன்னுரை எதுவும் இல்லை. "அக்கா, அன்னிக்கிக் காலைலயே பிரேக் சரியில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உன்ன ஏத்திக்கினு போனேன்."

அக்கா விரலை மடக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்கும் தெரியும் எயிலு. தெருமொனைல வண்டி என்னத் தாண்டிப் போயித்தான் நின்னுச்சி. நான் ரெண்டடி நடந்து வந்து ஏறனேன். நீ மறுக்கா மிதிச்சிப் பாத்தத பின்னாடி இருந்து பாத்துக்கினுதான் இருந்தேன். இன்னான்னு வாய் வரைக்கும் வந்துச்சி. கேட்டா நீ பஸ்ல போலாம்னுடுவியேன்னு கம்முனு ஒக்காந்துட்டேன். லேட்டா போனா எனக்கு அன்னிக்கிக் கூலி கெடையாது." பிறகு என்னைப் பார்த்தார். "இதுக்கோசரமா ஒரு மாசமா இப்பிடி எளச்சிப் போயிருக்கற?"

ஆஸ்பத்திரி வாசல் என்றும் பார்க்காமல் அழுதேன். அவரும்தான்.

17.11.2025, திங்கள்

காலை. தெருமுனையில் அக்கா நின்றிருந்தார். நிறுத்தினேன். ஏறவில்லை. "மொதல்ல மிதி" என்றார். வண்டியைக் கொஞ்சம் உருட்டி மிதித்தேன். குனிந்து பின்சக்கரத்தையே பார்த்தார். "இன்னோர் வாட்டி." மிதித்தேன். பிறகுதான் ஏறினார். வலது கைக்கு இன்னும் பலம் வரவில்லை, இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.