திரைக்கு இந்தப் பக்கம்

1928 ஜூலை 3, கொச்சிக்கடை

புதுச் சட்டம் வருகிறது. ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து பெயர் பதியாதவர்கள் பிறர் பல்லில் கை வைத்தால் மறியல், சிறைதான். ஐந்து வருடம் இந்த வேலை செய்தவர்கள் பதியலாமாம். இவர் போய்த் தன் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எங்கள் பல்லுக் கடையில் திரைக்கு அந்தப் பக்கம் ஆண்களுக்கு இவர், இந்தப் பக்கம் பெண்களுக்கு நான் – பதினொரு வருடம். என் பெயர் எங்கே என்று கேட்டேன்.

"நீ எனக்கு ஒதவிக்குத்தானே, ஜவாஹிறா. வீட்டுக்கு ஒரு பேர் காணாதா?"

மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உதவியாம். எங்களுக்கெல்லாம் மூத்த அக்காவான மர்லியா தாத்தாவின் பல்லைக் கழற்றியது யார்? இவர் அந்தப் பொம்பிளையின் முகத்தையே கண்டதில்லை.

ஜூலை 4

இவருக்குக் கடைவாய்ப் பல் வலி. கராம்பு எண்ணெய் பூசிக்கொண்டு திரிகிறார். நான் கழற்றுகிறேன் என்றால், "பொஞ்சாதிட கையால பல்லுக் கழட்டினா ஊர் சிரிக்கும்." வலிக்கட்டும்.

ஜூலை 16

நான் பல் பார்த்த பெண்களிடம் கைநாட்டு வாங்கிய சாட்சிக் கடிதங்களோடு, பதிவு நடக்கும் மருதானைக் கந்தோருக்குப் போனேன். பதிவுப் புத்தகம் வைத்திருக்கும் கிளாக்கர் அவற்றைத் தொடவேயில்லை.

"கடிதம் சரிவராது. ஆக்கள் நேரில வரவேணும், வாயைப் பார்க்கவேணும். இருபத்தாறாம் திகதி கடைசி."

வெளி ஆண்களுக்கு முகம் காட்டாதவர்கள் எப்படி வருவார்கள்? திரும்பும் வழியெல்லாம் றிக்‌ஷாத் திரைக்குள் அழுதேன்.

ஜூலை 17

மர்லியா தாத்தாவிடம் சொன்னேன். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "நீ பதியாட்டி எங்கட பல்லுக்கு ஆரிட்ட போற? ஒண்ட மாப்பிள்ளைக்கிட்டயா?" என்றார். பிறகு, "நாங்க வாறம். எறங்க மாட்டம். அவ்வளவுதான்."

ஜூலை 26

காலை பத்து மணிக்குக் கந்தோர் வாசலில் திரை போட்ட றிக்‌ஷா ஒன்பது. ஒருத்தியும் இறங்கவில்லை. ட்ராம் போக வழியில்லாமல் மணி அடித்துக்கொண்டே நிற்கிறது. கந்தோரின் பெரிய துரை வெளியே ஓடி வந்தார். "ஒங்கட கிளாக்கர் நேரில வரச் சொன்னார், வந்திருக்கிறாங்க. பார்க்க ஒரு பொம்பிளை டொக்டரை அனுப்புங்கோ" என்றேன். அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது?

மதியத்துக்குள் ஒரு பெண் டொக்டர் வந்தார். டோர்ச்சோடு ஒவ்வொரு திரைக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தார். ஒன்பது வாய். கடைசியில் துரையிடம், "சுத்தமான வேலை" என்றார். கிளாக்கர் புத்தகத்தைத் திறந்தார். என் பெயரை நானே எழுதினேன்.

அல்ஹம்துலில்லாஹ். வென்றுவிட்டேன். இவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே இரவுச் சோறு தின்றார்.

ஆகஸ்ட் 1

சட்டம் இன்றிலிருந்து அமல். காலையில் முதல் ஆளாய்த் திரையை விலக்கி ஒருவர் வந்து கதிரையில் உட்கார்ந்தார். பார்த்தால், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இவர்.

"ஊர் சிரிக்குமே" என்றேன்.

"சிரிச்சாச் சிரிக்கட்டும். நீ பதிஞ்ச ஆள்தானே."

பல்லுக் கழற்றும் குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வாயைத் திறக்கச் சொன்னேன்.