பதினொன்றாம் பகுதியின் பூஜ்யம்

ஜூன் 2, திங்கள்

காலையிலேயே எரிச்சல். பதினான்கு பகுதிகளின் காய்ச்சல் எண்ணிக்கையும் பத்து மணிக்குள் வந்துசேர வேண்டும், வந்தது பன்னிரண்டரைக்கு. இந்த நகரத்தில் கொசுவுக்கு இருக்கும் ஒழுங்கு மனிதர்களுக்குக் கிடையாது. அது நேரத்துக்கு முட்டையிடுகிறது, நேரத்துக்குக் கடிக்கிறது.

கணக்கை ஓட்டினேன். ஒரு நோயாளியிடமிருந்து கொசு வழியாக எத்தனை பேருக்குக் காய்ச்சல் போகிறது என்பதுதான் என் பிழைப்பே. ஒன்றுக்கு மேல் போனால் பரவுகிறது, கீழே வந்தால் அடங்குகிறது. பதினொன்றாம் பகுதியில் 0.6. இரண்டு வாரமாக அங்கே புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை. வரைபடத்தில் அந்த இடம் பச்சையாகிவிட்டது.

இயக்குநர் ஓடி வந்தார். கையில் எப்போதும் அந்தச் சிவப்பு ஒளி அடிக்கும் கோல். அதனால் இந்த நோட்டில் அவருக்குச் செங்கோல் என்று பெயர். பச்சையின் மேல் கோலைச் சுற்றிச் சுற்றி அடித்தார். "பாத்தீங்களா மேடம்? நம்ம வேலை பலிச்சிருச்சு!" இரண்டு மாதத்துக்கு முன் "இந்தக் கணக்கெல்லாம் யாருக்குப் புரியுது" என்று என் அறிக்கையின் மேல் டீ டம்ளரை வைத்தவர் இதே ஆள்தான். அந்த வட்டக் கறை இன்னும் அப்படியே இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

பதினொன்றில் கொசுப்புழு தேடி வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டி பார்க்கும் ஆட்களை எல்லாம் மூன்றாம் பகுதிக்கு மாற்றியாகிவிட்டது. மூன்றாம் பகுதியில்தான் செங்கோலின் வீடு. தற்செயலாம். தூ! ஆனால் உத்தரவில் "கணிப்பின்படி" என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து இருக்கிறது. எண் சரியாக இருக்கும்போது எதைச் சொல்லி மறுப்பது?

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். அவள் இருப்பது பதினொன்றில். "அக்கா, எங்க தெருவுல நாலு வீட்ல காய்ச்சல். குட்டியைக் கூட்டிக்கிட்டு கொஞ்ச நாள் உன் வீட்டுக்கு வந்துடவா?"

"உங்க பகுதியில ஒண்ணுமே இல்லடி. ரெண்டு வாரமா பூஜ்யம். சாதாரண சளிக்காய்ச்சலா இருக்கும்."

"நான் கண்ணால பாக்குறேன்க்கா."

"நீ நாலு வீட்டைப் பாக்குற. நான் பதினாலு பகுதியைப் பாக்குறேன்."

"சரி, உனக்குத் தெரியாததா" என்று வைத்துவிட்டாள். குட்டிக்குப் பள்ளிக்கூடம் கெட்டுப்போகும் என்றும் நான் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

பதினொன்றில் மூன்றாவது வாரமும் பூஜ்யம். பெரிய கூட்டம், பெரிய திரை, பச்சை வரைபடம். செங்கோல் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கை தட்டினார்கள். மனுஷனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது, ஆனால் அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 11, புதன்

குட்டிக்குக் காய்ச்சல் என்று தங்கையின் செய்தி. வேறு ஒரு சொல் இல்லை.

ஜூன் 12, வியாழன்

அதே காய்ச்சல்தான். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஏழு வயதுக் கையில் ஊசி குத்திப் பட்டை ஒட்டியிருக்கிறது. ரத்தத் தட்டணுக்கள் காலையைவிட மாலையில் குறைந்துவிட்டன. இன்னும் மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். குட்டி கண்ணைத் திறந்து, "பெரியம்மா, இங்க டிவி இல்ல" என்றாள். தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டினால்கூடத் தேவலை. நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை எடுத்துப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டாள்.

இந்த ஆஸ்பத்திரி இருப்பது ஐந்தாம் பகுதியில். அதனால் குட்டியின் காய்ச்சலும் ஐந்தின் கணக்கில்தான் ஏறுமாம். பதினொன்று பச்சையாகவே இருக்கும்!

ஜூன் 13, வெள்ளி

எழுதவே கை கூசுகிறது.

காலையில் பதினொன்றின் மூலத் தாள்களைக் கேட்டேன். எண்களைக் கணினியில் ஏற்றும் அக்கா — ஆபீசில் எல்லோருக்கும் அவர் பதிவக்கா — மூன்று தாள்களைக் கொண்டுவந்து வைத்தார். மூன்றிலும் எண்ணிக்கைக் கட்டம் காலி.

"பூஜ்யம்னு யாரும் எழுதலையே மேடம். காலியாத்தான் வந்துச்சு. காலியாத்தான் ஏத்தினேன்."

"ஏன் காலி?"

"அங்க ரத்தம் டெஸ்ட் பண்றவர் ஒரே ஒருத்தர். அவரே மூணு வாரமா காய்ச்சல்ல படுத்திருக்காராம். அவருக்குப் பதிலா யாரும் வரலை. டெஸ்ட்டே நடக்கலை. நான் அப்பவே ஓரத்துல எழுதினேனே..."

எழுதியிருக்கிறார். பென்சிலில், அழகாக: "ஆள் இல்லை." ஓரத்தில் எழுதுவதைக் கணினி படிக்காது. நானும் படிக்கவில்லை.

பிறகு என் புரோகிராமைத் திறந்தேன். நூற்றுப் பதினேழாவது வரி: கட்டம் காலியாக இருந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள். பக்கத்தில் என் குறிப்பு: "தற்காலிகம். பிறகு சரிசெய்ய வேண்டும்." இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை அது. காலிக் கட்டம் வந்தால் புரோகிராம் பாதியில் நின்றுவிடும். எனக்கு ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

காய்ச்சலை எண்ண வேண்டிய ஆளையே காய்ச்சல் படுக்க வைத்துவிட்டது. அதை நான் "நோய் இல்லை" என்று படித்திருக்கிறேன். அதற்கு எனக்குக் கைதட்டல் வேறு.

ஜூன் 14, சனி

காலிக் கட்டங்களைக் காலியாகவே விட்டு, சுற்றியுள்ள பகுதிகளை வைத்து மறுபடி ஓட்டினேன். பதினொன்றில் 0.6 இல்லை, 2.3. தொட்டி பார்க்கும் ஆட்களை எடுத்த பிறகு இன்னும் ஏறியிருக்கும்.

சீ. கண்ணாடியில் இந்த மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "நீ நாலு வீட்டைப் பாக்குற." — என்ன திமிர்டி உனக்கு! அந்த நாலு வீடுதான் அந்தப் பகுதியிலேயே யாராவது எண்ணின ஒரே கணக்கு. அதைச் சொன்னவ உன் கூடப் பிறந்தவ. அவளையே வாயடைச்சுட்டியே.

குட்டிக்கு இன்று மூக்கில் ரத்தம். அறைக்குள் தங்கை என்னை விடவில்லை. அவள் வீட்டுக்காரர்தான் வெளியே வந்து, "அப்புறமா வாங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஜூன் 16, திங்கள்

செங்கோலிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தாள்களைக் காட்டி. முகம் ஒரு நொடி வெளிறியது. அப்புறம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இப்போ எதுக்கு மேடம்? வியாழக்கிழமை மேலிடத்துக்குக் காட்டணும். அடுத்த மாச அறிக்கையில சத்தமில்லாம சரி பண்ணிடுவோம். 'புது முறை'னு ஒரு வரி போட்டா போதும்."

"அங்க இன்னைக்கும் கொசு கடிக்குது சார். ஆட்களைத் திருப்பி அனுப்புங்க."

"பச்சைனு சொல்லிட்டு ஆள் அனுப்பினா கேக்க மாட்டாங்களா? உங்க தங்கச்சி குழந்தை நல்லாயிடும், கவலைப்படாதீங்க."

குழந்தையை எதற்கு இழுக்கிறான்? வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாததால் எழுந்து வந்துவிட்டேன். அந்த அறையில் உட்கார்ந்தபோது கட்டியிருந்த புடவையைத் துவைக்கப் போட்டுவிட்டேன்.

ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? அவர் "அடுத்த மாசம்" என்றபோது எனக்கு உள்ளே ஒரு ஓரத்தில் நிம்மதியாக இருந்தது. வேலை போகாது, பெயர் கெடாது. அந்த நிம்மதிதான் எல்லாவற்றையும்விட நாறுகிறது.

ஜூன் 17, செவ்வாய்

பதினொன்றாம் பகுதிப் பரிசோதகர் இறந்துவிட்டார். பதிவக்கா சொன்னார். வயது முப்பத்தெட்டு. அவரை நான் பார்த்ததே இல்லை. ஆறு வருடமாகத் தாள்களில் அவ்வப்போது அவர் கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன். ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவார்.

குட்டிக்குத் தட்டணுக்கள் இன்று குறையவில்லை. ஏறவும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

மேலிடத்தார் ஆறு பேர். செங்கோல் பச்சையைக் காட்டிப் பேசி முடித்து, "மேடம் ஏதாவது சேர்க்கணுமா?" என்று கேட்டார். சும்மா மரியாதைக்குக் கேட்டது.

எழுந்தேன். அந்த மூன்று தாள்களையும் மேஜைமேல் பரப்பினேன். "இது பச்சை இல்ல. யாருமே எண்ணாத இடம். எண்ண வேண்டியவர் முந்தாநாள் செத்துட்டார். காலியை பூஜ்யமாக்கினது என் புரோகிராம். நான் எழுதின வரி. திங்கக்கிழமையே இயக்குநர்கிட்ட சொல்லிட்டேன்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது, கேட்கவே சகிக்கவில்லை. செங்கோலின் சிவப்புப் புள்ளி திரையின் மூலையில் ஆடிக்கொண்டிருந்தது, அணைக்க மறந்துவிட்டார்.

மேலிடத்தில் ஒரு பெண்மணி கேட்டார்: "இன்னைக்கே ஆளுங்களைத் திருப்பி அனுப்ப முடியுமா?" முடியும் என்றேன்.

ஜூன் 23, திங்கள்

பதினொன்றில் ஆட்கள் இறங்கி நான்கு நாள் ஆகிறது. தற்காலிகப் பரிசோதகர் ஒருவரையும் போட்டிருக்கிறார்கள். முதல் நாளிலேயே நாற்பத்தொரு நோயாளிகள். வரைபடத்தில் சிவப்பு. பார்க்க அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

செங்கோலுக்குப் பதவி அப்படியே. எனக்குத்தான் மாற்றல், களப்பணிக்கு. உத்தரவில் "அவருடைய அனுபவம் கருதி" என்று எழுதியிருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. போவதற்கு முன் நூற்றுப் பதினேழாவது வரியை அழித்தேன். இனிமேல் காலிக் கட்டம் வந்தால் புரோகிராம் நின்றுவிடும். நிற்கட்டும். யாராவது எழுந்து போய்க் கேட்கட்டும்.

குட்டி வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் அப்பா சொல்லித்தான் தெரிந்தது.

ஜூலை 14, திங்கள்

இப்போது பதினொன்றில் டார்ச்சை அடித்து அடித்து ஊரான் வீட்டுத் தொட்டியெல்லாம் பார்க்கிறேன். இன்று ஒரு பழைய டயருக்குள் புழுக்கள் நெளிந்ததைப் பார்த்து, சாப்பிட்ட இட்லி வெளியே வந்துவிட்டது. பதினொரு வருடம் இதைத்தான் சமன்பாட்டில் ஒரு எழுத்தாகப் போட்டு, வகுத்துப் பெருக்கிக்கொண்டிருந்தேன். தங்கையின் தெருவுக்கு மட்டும் இன்னொரு ஆளை அனுப்புகிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை ஏழு மணிக்குத் தங்கையின் போன். இரண்டு மாதத்துக்குப் பிறகு. எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் இல்லை. எடுத்ததும், "பின் தெருவுல ரெண்டு பேருக்குக் காய்ச்சல். உன் கணக்கு என்ன சொல்லுது?"

"கணக்கு கிடக்கட்டும். நீ என்ன பாத்த, சொல்லு. எந்த வீடு?"

ஒவ்வொரு வீடாகச் சொல்ல ஆரம்பித்தாள். நான் தாளை எடுத்து எழுதிக்கொண்டேன். நீலக் கதவு வீடு, அம்மாவும் பிள்ளையும், சனிக்கிழமையிலிருந்து. மாடி வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். அங்கே பூஜ்யம் போட்டேன். மூலை வீடு பூட்டியிருக்கிறதாம். அங்கே "பார்க்கவில்லை" என்று எழுதினேன்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல வரேன்" என்றேன்.

"வா" என்றாள். அக்கா என்று சேர்க்கவில்லை. ஆனால் வா என்றாள்.