குந்தாரப்பள்ளிச் சந்தையில் ராஜசேகர்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் டேனிக்கு, ஊருக்கெல்லாம் நீ ஃபாதர் என்றாலும் எனக்கு டேனிதான், அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் குறட்டை எங்கள் இரண்டு பேரையும் விடச் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் முக்கியமானதைத் தொட்டால் உனக்கு உடனே மீட்டிங் வந்துவிடுகிறது, கடிதத்துக்கு மீட்டிங் வராது. அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பாவமன்னிப்புக் கொடுத்துவிடு.

சானமாவு காட்டில் யானை இறங்கியிருக்கிறதாம், கம்பெனி பஸ் சுற்றி வருகிறது என்று அப்பா தினமும் அரை மணி தாமதமாக வருகிறார். சட்டையில் போண்டா வாசனை வருகிறதே, யானை வாங்கிக் கொடுத்ததா என்று கேட்டேன், சட்டையைக் கழற்றி வாளியில் ஊறப் போட்டுவிட்டார். உன் தங்கை ப்ரீதாவுக்கு இது ஏழாம் மாதம், வயிறு அவளுக்கு, மாங்காய் தின்கிறது மாப்பிள்ளை.

போன வாரம் நீ சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, மூன்றாம் நாள் இறங்கியது, பயப்படாதே. படித்த கல்லூரிக்கே உன்னை ஆன்மகுருவாக அனுப்புகிறார்கள் என்று நான் தெரு முழுக்க லட்டு கொடுத்தேன், நீயோ மூன்றே மாதத்தில் வேறு இடம் கேட்டு ஆயருக்கு எழுதிவிட்டேன் என்கிறாய். ஹாஸ்டல் பையன்கள் மனசு விட்டுப் பேச வந்தால் ராஜசேகர் முகம்தான் தெரிகிறது என்றாய். இரண்டாம் வருஷம் சுவர் ஏறிப் படத்துக்குப் போனது யார் என்று வார்டன் கேட்டதும், உன் அறையிலேயே இருந்த, லீவில் நம் வீட்டுக்கும் வந்து சாப்பிட்ட ராஜசேகர் பெயரை நீ சொன்னதும், அன்றைக்கே அவனைக் கல்லூரியை விட்டு அனுப்பியதும், அவன் படிப்பையே விட்டதும் பதிமூன்று வருஷமாக எனக்குத் தெரியாது. குழம்பில் உப்பில்லை என்பதை மட்டும் உடனே சொல்லத் தெரியும் உனக்கு.

உன்னைக் கேட்டால் விடமாட்டாய் என்று கேட்காமலே வெள்ளிக்கிழமை கேன்டீன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனேன். அங்கே ராஜசேகர் மாட்டுத் தரகு பண்ணுகிறான் என்று எங்கள் கேன்டீன் நாராயணம்மா சொன்னாள். சுற்றிலும் ஆண்கள், துண்டால் கையை மூடி, எத்தனை விரல் பிடிக்கிறார்களோ அத்தனை விலை என்று பேசிக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டேன், யாரோ வியாபாரி என்று திரும்பிப் பார்க்காமலே துண்டை என் கைமேல் போட்டான். நானும் விடாமல் அவன் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். எவன்டா இவ்ளோ கேக்கறவன் என்று திரும்பியவன், டேனி அம்மாவா, கைய விடுங்கம்மா, மாட்ட வித்துட்டேன்னு நெனைச்சுக்கப் போறாங்க என்று சிரித்தான்.

டீ வாங்கிக் கொடுத்தான். நீ படும் பாட்டைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. பேரச் சொன்னதுக்குக் கோவமில்லம்மா, வார்டன் முன்னாடி நின்னா நானுந்தான் சொல்லியிருப்பேன், பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பறப்ப அவன் ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருந்தான், கீழ எறங்கி கேட் வரைக்கும்கூட வரல, அப்புறம் எத்தன லீவுக்கு ஓசூர் வந்திருப்பான், ஒரு நாள் எட்டிப் பாக்கல, அதுதான் இன்னும் ஆறல என்றான். நான் சமாதானம் சொல்லவில்லை, அவன் சொன்னது நியாயம். நீ வேறு இடம் கேட்டிருக்கிறாய் என்றதும், மறுபடியும் ஜன்னல்லயே நிக்கறானா என்றான். எனக்கே சுருக்கென்றது.

டேனி, தப்பே பண்ணாதவனிடம் போய் எந்தப் பையன் வாயைத் திறப்பான்? பாவமன்னிப்புக்குப் போனால் நானே நம் பங்குச்சாமியிடம் பாதியைத்தான் சொல்கிறேன். ஆயரிடம் என்ன சொல்வது என்பது உன் முடிவு, அதற்கு முன் வியாழன் ராத்திரி பஸ் ஏறி ஒரு தடவை வா. சந்தைக்கு அங்கி வேண்டாம், மாடு மிரளும்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். பூசையில் நீ எங்களை ஆசீர்வதிக்கிறாய், இங்கே நான் உன்னை ஆசீர்வதிக்கிறேன், தலையைக் குனி. மறக்காமல் இன்னொன்று, நீ முதலில் போனிலாவது பேசுவாய் என்று அவன் நம்பரைக் கேட்டேன், தரவில்லை. நேர்ல வரச் சொல்லுங்கம்மா, சந்த கலையற வரைக்கும் இருப்பேன் என்றான்.

இப்படிக்கு,
உன் அம்மா
அருள்மேரி