‘சரிங்க’ன்னு சொன்ன பொண்டாட்டி

ஜூன் 3

பேரனைப் பார்த்ததும் புருஷனை மறந்த மகாராணிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதறது. நான் சௌக்கியம். நீ வளர்க்கற ரோஜாச் செடிதான் என் கையால தண்ணி குடிக்க மாட்டேன்னு முறைச்சுக்கிட்டு நிக்குது. உன்கிட்ட வளர்ந்ததாச்சே.

ஒரு விசேஷம். மத்தியானம் கடையில பஞ்சு மூட்டை மேல சாஞ்சேன். நீ வந்தே. “டீ போடு, சர்க்கரை ரெண்டு கரண்டி”ன்னேன். “சரிங்க”ன்னே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எதிர்ப்பேச்சு இல்லாம நீ ஒரு தடவை சரின்னதுண்டா? அடேய், இது கனவுடான்னு கண்டுபிடிச்சுட்டேன்! கண்டுபிடிச்சும் முழிக்கலை, உள்ளேயே நின்னுட்டேன். கனவுன்னு தெரிஞ்சே கனவு காண்றது என்ன சொகம் தெரியுமா? அங்க டாக்டரும் கிடையாது, சர்க்கரை வியாதியும் கிடையாது. நாலு டம்ளர் குடிச்சேன், அப்படியே இனிச்சுது. அப்புறம் நம்ம தெரு மேல ஒரு சுத்து பறந்தேன்.

இனிமே பேரனையும் அங்கேயே பார்த்துக்குவேன். நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு நான் கையால தைச்சுக் கொடுத்த மெத்தையைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டு ஃபோம் மெத்தை வாங்கினாரே மாப்பிள்ளை, மெத்தைக்காரன் மகளைக் கட்டிக்கிட்டு! அது இருக்கற வரைக்கும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான். எனக்கு பஸ் செலவும் மிச்சம்.

இப்படிக்கு,
பறக்கும் மெத்தைக்காரன்

ஜூன் 9

என் வீட்டுக்காரருக்கு,

லெட்டர் வந்துச்சு. உங்க மக படிச்சுட்டு, சிரிச்சா ஆபரேஷன் தையல் வலிக்குதும்மான்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டா. அப்பாவை விட்டுத் தைக்கச் சொல்லியிருந்தா வலிச்சிருக்காதாம்.

கனவுல குடிச்ச டீக்கும் சேர்த்து சாயங்காலம் நடங்க.

பேரன் எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கலை நீங்க. கேட்டாலும் சொல்றதா இல்லை. அதான் கனவு இருக்கே, அங்கேயே பார்த்துட்டு எழுதுங்க. உச்சந்தலை என்ன வாசனை? கையில வாங்கினா எப்படி இருக்கு? ரெண்டும் சரியா இருந்தா நீங்க வரவே வேணாம், நானே மாப்பிள்ளைகிட்டச் சொல்லிடறேன்.

அப்புறம், அந்த ஃபோம் மெத்தையிலதான் அவன் குறட்டை விட்டுத் தூங்கறான். குறட்டை உங்களுது.

உங்க பொண்டாட்டி

ஜூன் 15

போட்டி வைக்கறவளுக்கு,

வசமா மாட்டி விட்டுட்டே. கனவுல பையனைக் கூப்பிட்டேன். வந்தான். தபால்காரர் மூஞ்சி, மீசையோட! மறுநாள் மீசையை எடுக்க வெச்சேன். கையில வாங்கினா தலையணை மாதிரி இருக்கான். உச்சந்தலையை மோந்தா புது மெத்தைத் துணி வாசனை. இதைக் கேட்டு சிரிக்காதே: குப்புறப் போட்டுத் தையல் எங்கேன்னு தேடிட்டேன். எங்கேயாவது பஞ்சு கட்டி தட்டியிருக்கான்னு முதுகுல தட்டியும் பார்த்தேன்.

கனவை நான் பெரிய மாயக்காரன்னு நினைச்சேன். அதுவும் என்னை மாதிரிதான் போல, கடையில இருக்கற சரக்கை வெச்சுத்தான் தைக்குது. காலண்டர்ல ஒரு சிவப்புப் பழம் தொங்குமே, பேரு தெரியாத பழம், அதைப் பறிச்சுக் கடிச்சேன். கொய்யாப்பழ ருசி! பறந்தேன்னு பீத்திக்கிட்டேனே, அதுவும் லாரியில மூட்டை மேல மல்லாந்து வந்த மாதிரிதான் இருந்துச்சு.

ஆனா கையில வாங்கின இடம் மட்டும் காலியாவே இருக்கு. வாசனை என்னன்னு ஒரு வரி எழுதிடேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் தோக்காதவன்

ஜூன் 20

என் வீட்டுக்காரருக்கு,

பாவம்னு எழுத உக்காந்தேன், வரலை. பால்னு எழுதினா பால் இல்லை. வெயில்ல காய்ஞ்ச துணின்னு எழுதினா அதுவும் இல்லை. கொஞ்ச நாள்ல இந்த வாசனை போயிடும்னு நர்ஸம்மா சொல்றாங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்.

“மாமாவுக்குக் கோவம் என் மேலயா, மெத்தை மேலயா?”ன்னு மாப்பிள்ளை கேட்டார். மெத்தை மேலதான்னேன். “அப்ப அதை வித்துடவா அத்தை?”ன்னார். “வேணாம் மாப்பிள்ளை, அவரே வந்து படுத்துப் பார்க்கட்டும்”னு சொல்லிட்டேன்.

உங்க பொண்டாட்டி

ஜூன் 24

வெள்ளிக்கிழமை பஸ்ல வர்றேன். பேரனுக்காகத்தான். தரையில படுத்துக்கறேன்.

ஜூலை 6

பேரனைத் தனியா அனுபவிக்கறவளுக்கு,

பத்திரமா வந்து சேர்ந்தேன். சட்டையில என்ன கறைன்னு பஸ்ல பக்கத்து ஆள் கேட்டார். பேரன் போட்ட கையெழுத்துன்னேன். சட்டையை இன்னும் துவைக்கலை, வந்து திட்டிக்கோ.

கனம் என்னமோ சின்னத் தலையணைதான். ஆனா தலையணை தானா நெளியுமா? இந்தப் பக்கம் பிடிச்சா கனம் அந்தப் பக்கம் ஓடுது! எத்தனை மெத்தை தைச்ச கை இது, ஒரு பொடிப்பயலை எப்படிப் பிடிக்கறதுன்னு இதுக்குத் தெரியலை! வாசனை பத்தி நீ சொன்னது நெசம், எனக்கும் எழுத வரலை.

ஒரு ரகசியம். தரை ஜில்லுன்னு இருந்துச்சுன்னு நடுராத்திரி எந்திரிச்சு அந்த ஃபோம் மேல பேரன் பக்கத்துல ஓரமா படுத்தேனா, அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். காலையில மாப்பிள்ளை “எப்படி மாமா இருந்துச்சு?”ன்னார். முதுகு கழண்டு போச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். தொழிலாச்சே, காட்டிக் கொடுத்துடாதே.

நேத்து மத்தியானம் அதே பஞ்சு மூட்டை, அதே கனவு. பையன் வந்தான். கையில வாங்கினேன், நெளிஞ்சான். வாசனையும் அப்படியே வந்துச்சு. இப்பத்தான் சரக்கு இருக்கே! சந்தோஷம் தாங்காம, “அடியே, ஓடி வா, இங்க பாரு!”ன்னு கத்தினேன். நீ வந்தே. ‘சரிங்க’தான் வரப்போகுதுன்னு பார்த்தா, இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, “கத்தாதீங்க, பிள்ளை முழிச்சுக்கப் போறான்!”னு ஒரு அதட்டல் போட்டே பாரு!

கனவுன்னே தெரியலை. வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டேன்.

இப்படிக்கு,
வாயை மூடிக்கிட்டவன்