நேரலையில் வந்த அக்கா

ஞாயிறு, ஈப்போ, மலேசியா

இவ்வளவு சின்ன விஷயத்தை எழுதுகிறேனே என்று வெட்கமாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும்.

இன்று தங்கச்சி மலர் ஓட்டப் பந்தயத்தில் தங்கம் வென்றாள். மூச்சு வாங்க நின்றவளிடம் தொலைக்காட்சி அறிவிப்பாளர் நேரலையிலேயே கேட்டார்: "வெயில்ல இப்படிக் கறுத்துட்டீங்களே, மாப்பிள்ளை கிடைப்பாரா?"

"அக்காவுக்கே இன்னும் வரன் அமையல லா!" என்று சிரித்தாள் மலர்.

வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் சிரித்தோம். உடனே பீடோர் ஊரிலிருக்கும் மாமா போன் போட்டார். "நம்ம புள்ளையப் பாத்துக் கறுப்புன்னு சொல்றான், அவனுக்கென்ன திமிரு!"

என்னைச் சொன்னதற்கு யாரும் கோபப்படவில்லை. அவள் பதக்கத்தைவிட மாமாவின் அந்தக் கோபத்தின் மேல்தான் எனக்குப் பொறாமை. நான் பட்டம் வாங்கிய அன்று அவர் போன்கூடப் போடவில்லை.

மலர், அடுத்த முறை மைக்கை நீட்டினால், நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி உன் அக்கா என்றும் சொல்லேன்.