அம்மா வைக்காத கறி

ஜூன் 12, வெள்ளி

இன்று மதியம் அலுவலகத்தில் ஒரு பொய் சொல்லிவிட்டேன்.

எதிர் மேசைச் சுதன் அடுத்த வாரம் ஹட்டனுக்கு மாற்றலாகிப் போகிறார். எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் பட்டம் வாங்கிய வருடம் நட்ட அம்பரெல்லா மரம் இப்போதுதான் காய்த்திருக்கிறது. காலையில் அந்தப் புளிப்புக் காய்களைப் பறித்துத் தோல் சீவி, கறுவாப்பட்டை போட்டு, தேங்காய்ப்பாலில் கறி வைத்தேன். கடைசியில் சீனியும் சேர்த்தேன். தேநீருக்கே மூன்று கரண்டி போடுகிறவர் அவர்.

சாப்பிடும்போது டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். கொட்டையின் நாரைக்கூட விடாமல் சப்பினார்.

"மிஸ், யாரு வச்ச கறி இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மா."

"அப்ப ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. இதே கறிதான் வேணும்."

மாலையில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நான் எப்ப அம்பரெல்லாவுக்குச் சீனி போட்டேன்?" என்று அம்மா சிரித்தார். பிறகு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீயே ஆக்கு, நீயே போடு. அந்தத் தம்பி கேட்டா நான் உண்மையத்தான் சொல்லுவேன்."

வெளியே காற்று அடிக்கிறது. மரத்தில் மிஞ்சியிருப்பது ஐந்தாறு காய்தான். ஞாயிறு வரை அவை விழாமல் இருந்தால் போதும். திங்கட்கிழமை எதிர் மேசை காலியாக இருக்கும்.

அம்மா சொல்லட்டும். எனக்கு வாய் வராது.